மதுரை ஆசிரியனும் சிறுபோசில் இளையரும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில் விராலிமலையைக் கடந்ததும் கொடும்பாளூர் வருகிறது. வடமாவட்டங்களிலிருந்து மதுரைச் சமணர் மலைக்கும் ஆனைமலைக்கும் யாத்திரை செல்லும் அன்பர்கள் பலர் இவ்வூரை உறக்கத்திலேயே கடந்துவிடுகின்றனர். ஆனால் கண்ணகியும் கோவலனும் கவுந்தியடிகளும் இவ்வழியே நடந்தபோது மதுரைக்குச் செல்லும் பாதைகள் மூன்றாகப் பிரியும் இடமாக இளங்கோவடிகள் குறித்தது இவ்வூரைத்தான். கொடும்பை என்பது அன்றைய பெயர். வலப்பக்க வழி சிறுமலையை ஒட்டியும், இடப்பக்க வழி அழகர் மலையை ஒட்டியும், நடுவழி இரண்டுக்கும் இடையிலும் செல்லும் என்று மாங்காட்டு மறையோன் கூறுவதாகக் காடுகாண் காதை அமைந்துள்ளது. அருகன் அறத்தைத் தவிர வேறொன்றையும் தஞ்சமெனக் கொள்ளாத கவுந்தியடிகள், மறையோன் புகழ்ந்த பிலவழியின் பயன் தமக்கு வேண்டுவதில்லை என மறுத்துரைத்ததும் இவ்விடத்தைப் பற்றிய உரையாடலில்தான்.

ஆக, இலக்கியத்தில் முதன்முதலாகத் தெளிவாகக் காட்சி தரும்போதே இன்றைய புதுக்கோட்டை மாவட்டப் பகுதி ‘மதுரைக்குப் போகும் வழி’ என்றே அறிமுகமாகிறது. போய்ச் சேரும் இடமாக அன்று, கடந்து செல்லும் இடமாக. இந்த நிலை அதற்குப் பிறகும் பெரிதாக மாறவில்லை. வடக்கே உறையூரும் தஞ்சையும், தெற்கே மதுரையும். இடையில் ஓடும் வெள்ளாறு சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லை எனக் கூறப்பட்டது. எல்லையில் உள்ள நாட்டுக்குத் தனி முகம் இருப்பதை இருபுறத்தாரும் எளிதில் ஒப்புவதில்லை. முத்தரையரும் கொடும்பாளூர் இருக்குவேளிரும் இங்கே ஆண்டனர். எனினும் அவர்கள் வரலாறு பல்லவர், பாண்டியர், சோழர் என்னும் பேரரசுகளின் வரலாற்றில் அடிக்குறிப்பாகவே எழுதப்பட்டு வந்தது.

தமிழ்ச் சமணர்க்கு இந்தச் செய்தி அயலானது அன்று. இம்மாவட்டத்தில் அருக சமயத்தின் தலையாய சின்னமாகிய சித்தன்னவாசலுக்கே இது நேர்ந்தது. அதன் பெருமை ஒரு முறை காஞ்சிக்கும், பின்னர் மதுரைக்கும், இன்றுவரை அசந்தாவுக்கும் ஈடுகாட்டப்பட்டு, சொந்த ஊருக்கு உரியதாகப் பேசப்படுவது மிக அரிதாகவே உள்ளது.

புதுக்கோட்டை நகரிலிருந்து வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலை அடுத்துச் சித்தன்னவாசல் குன்று நீண்டு கிடக்கிறது. குன்றின் மேற்குச் சரிவில் குடைவரைக் கோயில்; கல்வெட்டு அதனை அறிவர் கோயில் என்கிறது. மறுபுறம், ஏறுவதற்கு அச்சம் தரும் செங்குத்தான பாறை விளிம்பில், இயற்கையாக அமைந்த குகைத்தளம். அங்குச் செல்வோர் காலூன்ற வெட்டப்பட்ட குழிகளைக் கொண்டு அதற்கு ஏழடிப்பட்டம் என்று பெயர். யாத்திரிகர் பெரும்பாலும் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். ஆனால் காலத்தால் மூத்தது ஏழடிப்பட்டமே. இவ்வூர்க்காரர் பேர் பதிந்திருப்பதும் அங்கேதான்.

குகைக்குள் வழவழப்பாக்கப்பட்ட 17 கற்படுக்கைகள் உள்ளன. தலைப்பக்கம் சற்றே உயர்த்தித் தலையணைபோல் செதுக்கியுள்ளனர். அவற்றுள் பெரியதும் மிகப் பழையதுமான படுக்கையை ஒட்டித் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்தது என ஐராவதம் மகாதேவன் போன்ற அறிஞர் கணிப்பர். எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதன் என்பவருக்குச் சிறுபோசில் என்னும் ஊரைச் சேர்ந்த இளையர் இந்த இருக்கையைச் செய்தளித்தனர் என்பதே அதன் செய்தி. எருமி நாடு என்பது மைசூர்ப் பகுதி எனப்படுகிறது. கன்னட நாட்டில் தோன்றிய ஒரு துறவி தென்திசை நோக்கி நடந்து வந்தார். அவருக்கு இடம் கொடுத்தவர்கள் மன்னர் அல்லர், மதுரை வணிகரும் அல்லர். பக்கத்து ஊர் மக்கள். சிறுபோசில் என்பதே இன்றைய ஊர்ப்பெயரின் முன்வடிவம் எனக் கருதும் அறிஞரும் உண்டு. சித்தர்களின் இருப்பிடம் என வடமொழி வழியாக விளக்கம் தருவோரும் உண்டு. கேட்பதற்கு இனிதாயினும், கல்லில் உள்ள தமிழ்ப் பெயரை விட்டு வேறெங்கும் அலையத் தேவையில்லை.

ஒரு நூற்றாண்டோடு இக்குகையின் வாழ்வு முடிந்துவிடவில்லை. கி.பி. 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரையிலான எழுத்தமைதியில் திருநீலன், திட்டைச்சரணன், பூர்ணச்சந்திரன் முதலிய முனிவர் பெயர்கள் மற்றப் படுக்கைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறக்குறைய எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் இந்தக் குகையில் துறவியர் தங்கியும் தவமியற்றியும் வந்தனர் என்பதற்கு இவை சான்று. சல்லேகனை மேற்கொண்டு உயிர் நீத்தோரும் இவர்களுள் இருந்திருத்தல் கூடும். இத்தனை நெடுங்காலம் தொடர்ந்து பள்ளியாக விளங்கிய இடத்தை, ‘பெருநகர்ச் சமணத்தின் கிளை’ என்று சொல்லிவிட்டுப் போவது பொருந்தாது.

பள்ளிகள் ஏன் இத்தகைய இடங்களில் அமைந்தன என்பதை எண்ணிப் பார்த்தால் நகரத்துக்கும் குன்றுக்கும் உள்ள உறவு விளங்கும். துறவியர்க்குத் தனிமை வேண்டும். ஆயினும் ஆகார தானத்துக்குச் சிராவகர் வாழும் ஊர் நடந்து செல்லும் தொலைவில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கவும், ஏனைய காலத்தில் இடைவிடாது நடக்கவும் கடமைப்பட்டவர்க்குப் பெருவழி அருகிலிருப்பது நல்லது. பெருநகரின் நடுவே இம்மூன்றும் ஒருங்கே கிட்டா. மதுரையைச் சுற்றிய எண்பெருங்குன்றங்களும் நகருக்கு வெளியே இருப்பதன் காரணம் இதுவே. அவ்வகையில் நோக்கினால், உறையூருக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட புதுக்கோட்டைப் பகுதி முழுவதுமே ஒரு பெரும் பள்ளி வளாகம்போல் அமைந்தது. தேனிமலையில் மலயத்துவசர் என்னும் முனிவர் தவமிருந்தார். அவரைக் கண்ட இருக்குவேள் பள்ளிச்சந்தமாக நிலம் அளித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. நார்த்தாமலையை அடுத்த ஆளுருட்டிமலையில் தீர்த்தங்கரர் உருவங்கள் உள்ளன. பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று கனகச்சந்திர பண்டிதரையும் அவர்தம் மாணாக்கர் தர்மதேவ ஆசாரியரையும் குறிக்கிறது. செட்டிப்பட்டியில் சமணர் குண்டு எனப்படும் இடத்தில் அழிந்துபட்ட கோயிலின் எச்சங்களும் சிற்பங்களும் வெளிப்பட்டன. அன்னவாசல் சுற்றுப்புறத்திலும் ஆங்காங்கே தனிச் சிலைகள் உண்டு. ஊர் மக்கள் சில இடங்களில் அவற்றை ‘மொட்டைப் பிள்ளையார்’ எனப் பெயரிட்டு வழிபடுவர். பெயர் பிழையே, ஆனால் அந்த வழிபாடு இல்லாதிருந்தால் சிலைகள் என்றோ சுண்ணாம்புக் காளவாய்க்கோ சுவருக்கோ போயிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி மேற்குச் சரிவுக்கு வரலாம். அறிவர் கோயில் அளவில் மிகச் சிறியது. கருவறை ஏறத்தாழ ஒன்பதரை அடிச் சதுரம். பின்சுவரில் மூன்று உருவங்கள்; இரண்டின்மேல் முக்குடை, மூன்றாவதன்மேல் ஒற்றைக் குடை. முன்மண்டபத்தின் இரு புறச்சுவர்களிலும் மாடங்கள் குடைந்துள்ளனர். ஒன்றில் ஐந்தலை நாகம் குடைபிடிக்க வீற்றிருக்கும் பார்சுவநாதர். எதிர்ப்புறம் ஒற்றைக் குடையின்கீழ் ஒரு ஆசாரியர். அவர் உருவத்தின் அருகே ‘திருவாசிரியன்’ என்றே எழுத்துப் பொறிப்பு உள்ளது. தீர்த்தங்கரருக்கு நேர் எதிரே ஆசிரியருக்கு இடமளித்த இந்த அமைப்பு, இக்கோயிலை எழுப்பியோரின் மனப்பாங்கைக் காட்டும்.

முன்மண்டப விதானத்தில்தான் புகழ்பெற்ற தாமரைத் தடாகம் தீட்டப்பட்டுள்ளது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் உலவும் பொய்கையில் மூன்று ஆடவர் மலர் கொய்கின்றனர். இது வெறும் இயற்கைக் காட்சி அன்று. சமவசரணத்தில் பவ்யர் கடந்து செல்லும் காதிகா பூமி என்பது அறிஞர் கொள்கை. பகவானின் திவ்வியத்தொனியைக் கேட்கச் செல்வோர் வழியில் இறங்கிப் பூக்கொய்யும் நீர்நிலை அது. தூண்களில் இரு ஆடல் மகளிரும், முடியணிந்த அரசனும் அரசியும் தீட்டப்பட்டனர். வண்ணங்கள் மூலிகைச் சாற்றால் ஆனவை என வழிகாட்டிகள் சொல்வதுண்டு. 1937க்கும் 1939க்கும் இடையில் ஓவியங்களைத் தூய்மை செய்த சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவனின் ஆய்வு அவை சுண்ணாம்பு, காவிக்கல், மஞ்சள் மண், பச்சை மண், கரி முதலியவற்றால் ஆனவை என்று காட்டியது. அக்காலத்தில்தான் பழைய ஓவியத்தின்மேல் பிற்காலத்தில் மீண்டும் தீட்டப்பட்ட ஓர் அடுக்கு இருப்பதும் வெளிப்பட்டது.

யார் தீட்டினர்? புதுக்கோட்டைச் சமஸ்தான வரலாற்றை 1916இல் நூலாக்கிய எஸ். இராதாகிருஷ்ண ஐயர் உள்ளூர்க்காரர். இவ்வோவியங்களை முதலில் குறித்தவர் அவரே. ஆயினும் உலகம் கேட்டது அதன்பின் வந்த குரல்களைத்தான். கோபிநாத ராவும் புதுச்சேரிப் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரெயிலும் 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனைப் பல்லவ ஓவியம் என அறிவித்தனர். மகேந்திரவர்மன் முதலில் சமணனாக இருந்தவன், கலைகளில் வல்லவன், குடைவரைகளை அகழ்வித்தவன். எனவே அவனே இதற்கும் உரியவன் என்பது வாதம். தூணில் உள்ள அரசன் முகமும் அவன் முகமே எனப்பட்டது. பக்கத்திலுள்ள குடுமியான்மலை இசைக் கல்வெட்டையும் அவன் கணக்கிலேயே எழுதினர். புதுக்கோட்டைக் குன்றுகளில் சிறந்தது எதுவாயினும் அது காஞ்சியிலிருந்து வந்திருக்க வேண்டும் என்னும் எண்ணம் இத்தனை எளிதாக ஏற்கப்பட்டது வியப்பே. பல ஆண்டுகள் பாடநூல்களிலும் அதுவே நின்றது.

குகை முகப்பின் தென்புறப் பாறையில் இருந்த ஒரு தமிழ்ப் பாடல் கல்வெட்டு படிக்கப்பட்டபின் அந்த வாதம் தளர்ந்தது. அவனிபசேகரன் சீவல்லவன் என்னும் பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அறிவர் கோயிலின் அகமண்டபத்தைப் புதுப்பித்து, முகமண்டபத்தையும் கல்லால் அமைத்தான் என்பது அதன் பொருள். 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட சீமாற சீவல்லபனே இவ்வரசன் என்பர். இப்போது நாம் காணும் ஓவிய அடுக்கு இளங்கௌதமன் பணியோடு இணைத்துப் பேசப்படுகிறது. பெருமை காஞ்சியிலிருந்து நீங்கி மதுரைக்குச் சென்றது. ஒரு பெருநகரின் நிழல் அகன்று மற்றொன்றின் நிழல் விழுந்தது என்றும் இதனைச் சொல்லலாம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மகேந்திரன் அறிஞரின் ஊகத்தால் வந்தவன். இளங்கௌதமன் தானே நடந்து வந்தவன். ‘புதுப்பித்தான்’ என்பதே கல்வெட்டின் சொல். புதுப்பிக்க அங்கே முன்பே ஒன்று இருந்தது. அவன் வருவதற்கு முன்னரே அது வழிபடத் தக்க தலமாக இருந்தது.

இந்தக் கல்வெட்டின் முழு மதிப்பு வேறொன்றில் உள்ளது. மதுரையில் சமணம் 7ஆம் நூற்றாண்டிலேயே, ஞானசம்பந்தரும் நின்றசீர் நெடுமாறனும் வாழ்ந்த காலத்தோடு, வேரற்றுப் போயிற்று என்ற கருத்து பெரியபுராண மரபின் வழியாகப் பரவலாக நிலைத்துவிட்டது. கழுவேற்றக் கதையைச் சிறு வயதில் பள்ளியில் கேட்டு, பதில் சொல்லத் தெரியாமல் வீடு திரும்பிய சமணப் பிள்ளைகள் ஒவ்வொரு தலைமுறையிலும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய விடை மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், சித்தன்னவாசல் பாறையில் இருக்கிறது. நெடுமாறனுக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், மற்றொரு பாண்டியன் ஆட்சியில், தன்னை ‘மதுரை’ என்னும் ஊர்ப்பெயரோடு வெளிப்படையாகக் கூறிக்கொள்ளும் ஒரு சமண ஆசிரியன் இருந்தான். கோயிலைப் புதுப்பிக்கும் அளவுக்குப் பொருளும் ஆதரவும் அவனுக்குக் கிட்டின. அதைக் கவிதையாக்கிக் கல்லில் வெட்டும் துணிவும் இருந்தது. மதுரைச் சமணர் மலையில் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் உள்ள 9, 10ஆம் நூற்றாண்டுச் சிற்பங்கள் இதனோடு ஒத்துப் போகின்றன. சைவ எழுச்சியால் சமணம் அரசவைச் செல்வாக்கை இழந்தது உண்மை. ஆனால் இழப்பு வேறு, அழிவு வேறு. மதுரை தன்னைப் பற்றி மறந்துபோன ஒரு செய்தியைப் புதுக்கோட்டைக் குன்று காத்து வைத்திருக்கிறது.

காத்ததன் காரணமும் அந்த நிழல்தான். பெருநகரில் இடம் அருமையானது. ஒவ்வொரு புதிய அரசும் பழைய கோயிலை இடித்தோ விரித்தோ தன் பெயரைப் பொறிக்கும். சிற்றூரில் மாற்றம் மெதுவாகவே வரும். நார்த்தாமலை இதற்கு ஓரளவு மறுதலை. அது வணிகப் பெருங்குழுவினர் தங்கிய செழிப்பான நகரமாகித் தெலிங்ககுலகாலபுரம் எனப் பெயர் பெற்றது. அங்கே மேலமலையில் உள்ள குகை பிற்காலத்தில் பதினெண்பூமி விண்ணகரம் என்னும் திருமால் கோயிலாயிற்று. ஒரே சாயலுடைய 12 திருமால் உருவங்கள் சுவரில் வரிசையாக நிற்கின்றன. ஆனாலும் ஊரார் நாவில் அதன் பெயர் இன்றும் ‘சமணர் குடகு’. குன்றுக்கும் சமணர் மலை என்றே வழக்கு. செல்வம் வந்த ஊரில் கோயில் மாறியது; பெயர் மாறவில்லை. செல்வம் வராத சித்தன்னவாசலில் கோயிலே எஞ்சியது.

அரசியலிலும் இதே கதை நடந்தது. 1686 முதல் தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை, சுற்றிலும் ஆங்கிலேயர் ஆண்ட மாவட்டங்கள் சூழ, நடுவே தனிச் சமஸ்தானமாக நின்றது. சிறிய அரசு, ஆனால் தன் கல்வெட்டுகளைத் தானே படித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை 1929இல் நூலாக்கியது, 1910இல் தொடங்கிய அருங்காட்சியகத்தைத் திருக்கோகர்ணத்தில் பேணியது, பல பகுதிகள் கொண்ட சமஸ்தானக் கையேட்டை வெளியிட்டது. இம்மாவட்டச் சமணச் சின்னங்களைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பவற்றுள் பெரும்பகுதி அந்தச் சில பத்தாண்டு உழைப்பின் பயன். 1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அதன்பின் 26 ஆண்டுகள் புதுக்கோட்டை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பிரிவாக இருந்தது. அக்காலத்து நூல்களில் சித்தன்னவாசலுக்கும் ‘திருச்சி மாவட்டம்’ என்றே முகவரி. 1974 சனவரி 14ஆம் நாள், பொங்கலன்று, புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. ஒரு மாவட்டப் பெயர்ப் பலகையால் என்ன ஆகும் எனக் கேட்கலாம். இருநூற்றறுபது ஆண்டுகள் தலைநகராயிருந்த ஊருக்கு அது சிறிய செய்தி அன்று.

ஆயினும் இன்னும் ஒரு நிழல் எஞ்சியுள்ளது. சித்தன்னவாசலைப் பற்றிய எந்தச் சுற்றுலாக் குறிப்பும் ‘தமிழகத்தின் அசந்தா’ என்னும் தொடரின்றி முடிவதில்லை. புகழ்ந்து சொல்வதுதான், எனினும் அசந்தா பௌத்தர் குகை, இது அருகர் கோயில். அங்கே புத்தர் பிறவிக் கதைகள்; இங்கே சமவசரணப் பொய்கை. கற்பனையும் கோட்பாடும் வேறு. ஒப்பிடுவதால் ஒன்றின் பெருமை கூடலாம், பொருள் விளங்காது. தமிழ்ச் சமணக் குடும்பங்களாவது பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது விதானத்தைக் காட்டி ‘அசந்தா’ என்னாது ‘காதிகா பூமி’ என்று சொல்லிக் கொடுத்தால், அவர்கள் பார்வை பூவிலிருந்து பவ்யர் முகத்துக்குச் செல்லும். நடுவில் நிற்பவர் கையிலுள்ள தாமரையைவிட அவர் முகத்தின் அமைதியே அங்கு வியப்புக்குரியது.

இளங்கௌதமன் கட்டிய முகமண்டபம் இன்று இல்லை. அது காலத்தில் விழுந்துபட, 20ஆம் நூற்றாண்டில் சமஸ்தான ஆட்சியினர் குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து இப்போதுள்ள முன்மண்டபத்தை அமைத்தனர். மதுரை ஆசிரியன் அளித்தது மறைந்த இடத்தைப் பக்கத்து ஊர்த் தூண்கள் தாங்கி நிற்கின்றன. ஓவியங்களில் பெரும்பகுதியும் சிதைந்துவிட்டது. தொல்லியல் துறையின் பாதுகாப்பு வருவதற்கு முன்பு குகை திறந்தே கிடந்தது. புகையும் கையும் பட்டு அழிந்தவை திரும்பா.

வடமாவட்டங்களிலும் தஞ்சைப் பகுதியிலும் வாழும் சமண அன்பர்கள் மேல்சித்தாமூரும் பொன்னூர் மலையும் திருமலையும் சென்று வழிபடுவது தொன்றுதொட்ட வழக்கம். புதுக்கோட்டைக் குன்றுகள் அந்த யாத்திரை வரிசையில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை; மதுரைக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் உண்டு, இல்லையேல் இல்லை. செல்வோர் காலை வேளையில் சென்றால் நலம். மேற்கு நோக்கிய அறிவர் கோயிலைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். வெயில் ஏறுமுன் ஏழடிப்பட்டம் ஏற வேண்டும். கம்பித் தடுப்புப் போடப்பட்டிருப்பதால் முன்போல் அச்சமில்லை. உள்ளே பெரிய படுக்கையின் ஓரத்தில் குனிந்து நோக்கினால், இரண்டாயிரம் ஆண்டு மழையும் வெயிலும் கண்ட அந்த எழுத்துகள் தெரியும்: எருமி நாட்டிலிருந்து வந்தவர் பெயர், அடுத்து அவருக்கு இடம் செய்து கொடுத்த சிறுபோசில் இளையர் பெயர்.